வாசலோரம் நின்றவர்

ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று, முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை இறைமக்களின் நெற்றியில் பூசுகிறோம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அந்தச் சாம்பலைத் தொட்டபோது என் விரல்கள் நடுங்கின. காரணத்தைப் பீடத்திலிருந்து சொல்ல அன்று நா எழவில்லை. இன்று எழுதுகிறேன்.

என் தந்தையார் பனையேறி. தேரிக்காட்டுச் செம்மணலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பனையோடு வாழ்ந்தவர். பதநீர்க் காலம் தொடங்கிவிட்டால் அவருடைய நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், தோளில் முருக்குத் தடி. முப்பது பனைகள் அவர் பொறுப்பில் இருந்தன. காலையில் ஏறிக் கலயங்களில் ஊறிய பதநீரை இறக்க வேண்டும். மாலையில் மீண்டும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லியதாய்ச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இல்லையேல் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை அம்மா விடிலியில் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றுவார். அந்தக் கருப்பட்டி விற்ற காசில்தான் பிள்ளைகள் நால்வரும் படித்தோம். குருமடத்திற்கு நான் கொண்டுபோன தகரப் பெட்டியும் அந்தக் காசில் வாங்கியதே.

மரத்தைத் தழுவித் தழுவி அவருடைய மார்பு காய்த்துக் கறுத்திருந்தது. சிறுவனாய் அதன்மீது தலைவைத்து உறங்கியபோது அது கரடுமுரடாய்த் தோன்றியதில்லை. குருமடம் சென்ற பின்னரே, சட்டை அணியாமல் அவர் வந்துவிடுவாரோ என்று அஞ்சத் தொடங்கினேன். அந்த அச்சத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கழுத்துவரை பொத்தான் போட்டே வந்தார்.

பனைக்கு ஓய்வுநாள் தெரியாது. தொடர்ந்து சீவாவிட்டால் பாளையின் நுனி காய்ந்து ஊறல் நின்றுவிடும். ஆகவே ஞாயிறன்றும் அப்பா ஏறுவார். கடைசிப் பனையிலிருந்து இறங்கி, கிணற்றில் குளித்து, ஆலயத்திற்கு ஓடி வருவதற்குள் முதல் வாசகம் முடிந்திருக்கும். உள்ளே வரமாட்டார், வாசலோரம் நிற்பார். நற்கருணை பெற மட்டும் முன்னே வருவார். பின் வந்த வழியே வாசலுக்குப் போய்விடுவார். பீடச் சிறுவனாய் நின்ற நான் அதைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பேன்.

நான் குருவானதிலிருந்து, வீட்டிலும் என்னைச் ‘சாமி’ என்றே அழைத்தார். மரியாதைப் பன்மை வேறு. எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

2004ஆம் ஆண்டு நான் ஒரு பங்கில் பொறுப்பேற்றிருந்தேன். ஞாயிறு கடனை வலியுறுத்தும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று மறையுரை ஆற்றினேன். வாசலில் நின்ற சிலரைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. “இங்கே வாசலில் நிற்கிறவர்கள் விண்ணக வாசலிலும் வெளியேதான் நிற்பார்கள்” என்றேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். நின்றவர்களுக்குப் பின்னால், கையில் கருப்பட்டிப் பெட்டியுடன், அதிகாலைப் பேருந்தில் வந்திறங்கிய என் தந்தையார்.

பங்கு இல்லத்தில் காலை உணவு உண்டார். ஊர்ச் செய்திகள் சொன்னார். மறையுரை பற்றி ஒரு சொல் இல்லை. புறப்படும்போது மட்டும் என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “தம்பி, வாசல்ல நிக்கிறவன் பிந்தி வந்தவன்தான். வராமலே இருந்திருக்கலாம்லா? ஏன் வந்தான்னு ஒரு தடவ கேளு.”

அன்று அவர் ‘சாமி’ என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் நான் வாசலுக்குப் போனேன். ஒருவர் இரவுக் காவல் முடிந்து நேரே வந்திருந்தார். ஒருவர் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். ஒரு தாய், இட்டிலி விற்றுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஓடி வந்தவர். குடும்பத்தின் தேவை ஞாயிறு ஓய்வுக் கடமையிலிருந்து நியாயமாக விலக்களிக்கும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2185ஆம் எண்ணில் கூறுவதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஓய்வுநாளில் நோயுற்றோரைக் குணமாக்கிய ஆண்டவரைப் பற்றிப் பலமுறை போதித்தும் இருக்கிறேன். அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பனையேறி. அந்தப் பங்கில் மாலைத் திருப்பலி தொடங்கியது அதன்பின்தான்.

2006இல் முழங்கால் தளர்ந்ததும் அப்பா பனையேறுவதை நிறுத்தினார். பேரப்பிள்ளைகளுக்கு ஓலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடைந்து தருவது அவருடைய புதிய தொழிலாயிற்று. எழுபது வயதில் அவர்களை அழைத்துக்கொண்டு குளக்கரையில் பனங்கொட்டை ஊன்றினார். பனை பயன்தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். “பெரிசானா யாரு தாத்தா ஏறுவா?” என்று கேட்டாள் என் தங்கை மகள். “ஏற ஆளில்லாட்டியும் கரையப் பிடிச்சிட்டு நிக்கும்லா, தாயி” என்றார். உண்மைதான். அவருடைய உழைப்பால் படித்த எங்களுள் எவரும் அவருடைய அரிவாளை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று அவரும் விரும்பியதில்லை.

2022ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு ஏப்ரல் 10ஆம் நாள் வந்தது. எண்பத்திரண்டு வயதில், தரையில் நின்றபடியே எட்டும் ஒரு வடலியில் குருத்து வெட்டி, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை முடைந்தார். எனக்கும் ஒன்று தந்தார். அந்த நவம்பரில் இறைவனடி சேர்ந்தார்.

தவக்காலம் நெருங்கியபோது மக்கள் பழைய ஓலைகளைக் கொண்டுவந்தார்கள். என் செபநூலுள் இருந்த சிலுவையை மட்டும் தர மனம் வரவில்லை. இரண்டு நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாய் இருந்தேன். நாற்பது ஆண்டுகள் ஏறி இறக்கியதில் அவர் தமக்கென்று எதை வைத்துக்கொண்டார் என்று எண்ணிப் பார்த்தேன். மற்ற ஓலைகளோடு அதையும் நெருப்பில் இட்டேன்.

அன்று சாம்பல் கிண்ணத்துடன் நேரே வாசலுக்குச் சென்றேன். அங்கே நின்றவர்களிடமிருந்தே பூசத் தொடங்கினேன்.