தாலின் நகரத்தில் இரண்டு தப்பிக்கும் வழிகள்

ஜூன் மாதத் தாலினில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கிறது. எஸ்டோனியத் தலைநகருக்கு வருகிறவர்கள் கோட்டைச் சுவரையும் தேவாலயக் கோபுரங்களையும் பார்ப்பார்கள். நான் தேடிப்போனது பழைய நகரத்தின் பிக் தெரு 73ஆம் எண் கட்டடத்தை. எஸ்டோனியச் சிறார் இலக்கிய மையம் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடவில்லை. அதிலும் எல்லோருக்கும் எஸ்டோனியம் தாய்மொழியில்லை. அவ்வளவு சிறிய மொழியின் குழந்தைப் புத்தகங்களுக்கென்றே அரசு ஒரு நிறுவனம் நடத்துகிறது. உள்ளே போகும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

எஸ்டோனிய மொழி எனக்குத் தெரியாது. படங்களைப் பார்த்தபடி நகர்ந்தேன். நான் வந்தது கவிஞர் எல்லென் நீட்டுக்காக.

1928இல் இதே நகரத்தில் பிறந்தவர், தார்த்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வந்தது. புத்தாண்டு மரத்தைக் கண்டுபிடித்த கதை அது. ஏன் கிறிஸ்துமஸ் மரமில்லை? சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸுக்கு இடமில்லை. மரத்தை மட்டும் புத்தாண்டுக்கு மாற்றிவிட்டார்கள். 1957இல் வந்த ரயில் பயணப் பாட்டு, சக்கரம் ஓடும் தாளத்திலேயே நடக்கிறது. பெரியவர்களுக்கான முதல் கவிதைத் தொகுப்புக்கோ 1960வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதைய எஸ்டோனியாவில் குழந்தைகளின் வாசல்தான் முதலில் திறந்தது.

அங்கிருந்து ஹர்யு தெருவுக்கு நடந்தேன். 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் சிதைந்த தெரு. அதில் 1960களில் எழுந்தது எழுத்தாளர் இல்லம். நீட் தன் கணவர் யான் கிராஸுடன் வாழ்ந்த வீடு அதில்தான் இருந்தது. கிராஸ் 1946இல் கைதாகி, சைபீரியாவரை போய், 1954இல் திரும்பியவர். 1958இல் இருவருக்கும் திருமணம். பிறகு கிராஸ் எஸ்டோனியாவின் மிகப் பெரிய வரலாற்று நாவலாசிரியரானார்.

தெருவில் நின்று மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: ஒரே கூரையின் கீழ் தணிக்கையிடமிருந்து தப்பிக்க இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. கணவர் பழைய நூற்றாண்டுகளுக்குள் புகுந்துகொண்டார். 1978இல் வெளிவந்த 'ஜாரின் பைத்தியக்காரன்' ஜார் காலத்துப் பிரபு ஒருவரின் கதை. மனைவி குழந்தைகளிடம் போனார். 1971இல் வந்த அவருடைய புத்தகத்தில் உலகம் முழுவதற்கும் வண்ணம் பூசுகிறார்கள். 1979இல் க்ரொல் என்ற விசித்திரப் பிராணி வந்தது.

எனக்குப் பிடித்தது இவை இரண்டுமல்ல, 1963இல் வந்த பில்லெ-ரீன். தாலின் நகரத்துச் சின்னப் பெண் அவள். சாகசம் செய்யமாட்டாள், கம்யூனிஸ்ட் கட்சிக்காக எதையும் சாதிக்கவும் மாட்டாள். வீட்டிலும் தெருவிலும் ஒரு குழந்தையின் நாள் எப்படிப் போகுமோ, அப்படியே அவளுடைய நாளும் போகிறது. பள்ளிக் குழந்தைகளைக்கூட வீரர்களாக்கிவிடத் துடித்த ஒரு காலத்தில், அவளைச் சும்மா விளையாட விட்டதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.