கண்ட்ரோல்-சி அடித்தால் சாகக் கூடாது

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்றைக்குக் கொஞ்சம் சொந்தக்கதை. கணினி ஆகாதவர்கள் நேரே மேட்டூர் தண்ணீர் வரும் பத்திக்குத் தாவிவிடலாம் :-)

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்காக, 32 பிட் ப்ரோக்ராம் தரும் சிக்னல் மாஸ்க்கை 64 பிட் லினக்ஸ் கெர்னலுக்கு மாற்றிக் கொடுக்கும் துண்டு ஒன்றை நானே எழுதினேன். சோதனை ப்ரோக்ராம் கண்ட்ரோல்-சியைத் தடுத்து வைத்துவிட்டு ஒரு ஃபைல் எழுதும். என் லேப்டாப்பில் சமர்த்தாக ஓடியது. "எந்த மெஷினிலும் ஓடும்" என்று ரிப்போர்ட்டிலும் எழுதியாச்சு. சீனியர் அண்ணா ஒருவர் அதை க்யூஎமுவில் பவர்பிசியாக ஓட்டி, கண்ட்ரோல்-சி அடித்தார். செத்தது. ஃபைல் பாதியில் நின்றது. ரிவியூவுக்கு நாலே நாள்.

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம், புது ஆற்றுப் பாசனம். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அப்பா காலண்டரில் 12/6 என்று குறித்து வைப்பார். அமெரிக்காக்காரர் படித்தால் அது டிசம்பர் 6. குறுவையே அறுவடையாகிப் போயிருக்கும்! எழுதியதில் தப்பில்லை, எந்த முனையிலிருந்து படிப்பது என்பதில்தான் வம்பு. சிப்புகளிலும் இதே கதை. இன்டெல் எண்ணின் சின்ன முனையை முதலில் வைக்கும், சில சிப்புகள் பெரிய முனையை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவர் கதையில் சண்டை போடுவார்களே, அந்தப் பெயரைத்தான் 1980-ல் டேனி கோஹன் இதற்கு வைத்தார்.

முதல் ராத்திரி எட்டு பைட்டையும் அப்படியே தலைகீழாக்கினேன். தடுக்க வேண்டியது 2-ஆம் சிக்னல், தடுபட்டது 26. திருப்பாமல் விட்டால் 34. இரண்டு நாள் இந்த 26-க்கும் 34-க்கும் நடுவே அல்லாடினேன்.

பேப்பரில் பைட் பைட்டாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 32 பிட் ப்ரோக்ராம் இரண்டு சொற்களாகத் தருகிறது: முதலில் 1 முதல் 32 வரை, அடுத்து 33 முதல் 64 வரை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் பைட் வரிசை சரிதான். பெரிய முனை மெஷின் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படிக்கும்போது முதல் சொல் மேல்பாதிக்குப் போய்விடுகிறது. சின்ன முனையில் தானாகவே சரியாக உட்கார்ந்துவிடும், அதனால்தான் லேப்டாப் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டாம் சொல்லை 32 இடம் இடப்பக்கம் தள்ளி, முதல் சொல்லோடு சேர்த்தேன். ஒரே வரி. லினக்ஸ் கெர்னலிலும் பெரிய முனைக்கு இதைத்தான் செய்திருக்கிறார்கள். முதலிலேயே பார்த்திருக்கலாம், ஹூம்.

அண்ணா மறுபடி கண்ட்ரோல்-சி அடித்தார். ஃபைல் முழுசாக வந்தது. ரிப்போர்ட்டில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு "இரண்டு வகை மெஷினில் ஓடியது" என்று மாற்றினேன்.