குறும்பி எடுக்கிற வேலைதானே!

காது மூக்கு தொண்டைப் பிரிவில் மதிப்பே இல்லாத வேலை எது என்றால், குறும்பி எடுப்பதுதான். மாஸ்டாய்டு ஆபரேஷன் நன்றாகச் செய்பவரைப் பற்றி ஊரே பேசும். காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவருக்கு மேடையில் பொன்னாடை உண்டு. குறும்பியை மட்டும், அன்றைக்கு யார் ஜூனியரோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

உள்ளேயே இப்படியென்றால் வெளியில் கேட்க வேண்டாம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில், ஒன்றுவிட்ட தங்கையின் மகள் செல்போனை நீட்டினாள். "பெரியம்மா, ஸ்பாவுல காதுல மெழுகுவர்த்தி ஏத்தி உறிஞ்சியே எடுத்துட்டாங்க. வலியே இல்ல. எவ்வளவு அழுக்கு பாருங்க. குறும்பி எடுக்கிற வேலைதானே, இதுக்கெல்லாமா டாக்டர்?" எரிந்து முடிந்த அந்தக் கூம்பு மெழுகுவர்த்தியின் அடியைப் பிளந்து போட்டோ எடுத்திருந்தார்கள். உள்ளே பழுப்பாக மெழுகு, கொஞ்சம் பொடி.

பந்தியில் உட்கார்ந்துகொண்டு வாதாட விருப்பமில்லை. ஊர் திரும்பியதும் அதே மாதிரி ஒன்று வரவழைத்து, அடிமுனையை ஒரு காலித் தம்ளருக்குள் விட்டு எரித்தேன். துணியும் தேன்மெழுகும் எரிந்து முடிந்ததும் பிளந்து பார்த்தால் அதே பழுப்பு, அதே பொடி. தம்ளருக்கு ஏது குறும்பி?

இதையெல்லாம் சோதித்துப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. 1996-இல் 'லாரிங்கோஸ்கோப்' இதழில் வந்த ஆய்வு அது. செயற்கைக் காதுக்குழாயில் கூம்பை எரித்து அழுத்தத்தை அளந்தார்கள். உறிஞ்சுவதற்கான அறிகுறியே இல்லை. மனிதக் காதிலும் பார்த்தார்கள். குறும்பி துளியும் வெளியே வரவில்லை, சில காதுகளில் மெழுகுவர்த்தியின் மெழுகுதான் புதிதாக உள்ளே போயிருந்தது. கூடவே 122 காது மருத்துவர்களைக் கேட்டதில், இந்தக் கூம்பால் காயப்பட்டு வந்தவர்கள் 21 பேர். பெரும்பாலும் தீக்காயம், சிலருக்கு மெழுகு இறங்கிக் காதை அடைத்திருந்தது, ஒருவருக்குச் செவிப்பறையே (டிரம்) ஓட்டை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010-இல் இதைத் தயாரிப்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 'ஹோபி' என்ற செவ்விந்தியப் பழங்குடியின் பெயரை ஒட்டி விற்கிறார்களே, அந்த மக்களே எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயரை எடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இன்னும் எடுத்தபாடில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டிரம்மோடு ஒட்டிக் கல்லாகிப்போன குறும்பியை இழுக்கிற அளவுக்கு ஒரு கூம்பு உண்மையிலேயே உறிஞ்சினால், முதலில் கிழிவது டிரம்தான்.

சரி, கூம்பை விடுங்கள். அந்த 'தானே' என்ற சொல்தான் எனக்கு உறைத்தது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த எங்கள் சீஃப் ஹெட் மிரர் காலத்து ஆள். புல்ஸ் லேம்ப் நோயாளியின் தோளுக்குப் பின்னால் இருக்கும். நெற்றிக் கண்ணாடியில் வெளிச்சத்தை வாங்கி, நடு ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். ஃபோகஸ் இருபத்தைந்து சென்டிமீட்டர். ஒரு விரற்கடை முன்னே பின்னே போனாலும் வெளிச்சம் கலைந்துவிடும். புதிதாக வந்தவர்களை அவர் நோயாளிப் பக்கமே விடமாட்டார். பிலிம் ரோல் டப்பாவின் அடியில் செய்தித்தாளின் பொடி எழுத்தை ஒட்டி, மூடியில் காதுக்குள் வைக்கும் ஸ்பெகுலம் அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுப்பார். அதற்குள் வெளிச்சத்தைச் செலுத்தி வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துவிட்டால் உள்ளே பஞ்சுத் துணுக்குகளைப் போட்டு, பக்கச் சுவரில் படாமல் ஜாப்சன் ஹார்ன் ப்ரோபால் எடுக்கச் சொல்வார். பட்டால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "ரத்தம் வந்துடுச்சும்மா" என்பார், டப்பாவைப் பார்த்து.

அவர் சொன்னது விளையாட்டில்லை. காதுக்குழாயின் எலும்புப் பகுதியில் தோல் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அடியில் நேரே எலும்பு. தொட்டால் வலி, உரசினால் ரத்தம். அதோடு வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அங்கே ஓடுகிறது. ப்ரோபின் நுனி பட்டதுமே சிலருக்குக் குபீரென்று இருமல் வரும். கருவி உள்ளே, நோயாளி இருமுகிறார் என்றால் என்ன ஆகும்? அதற்குத்தான் சீஃப் ஓயாமல் சொல்வார்: "கையைக் காத்துல நிறுத்தாதே. சுண்டுவிரலை அவர் கன்னத்துல ஊனு. அவர் தலை ஆடினா உன் கையும் கூடவே ஆடணும்." இன்றைக்கும் யாராவது ஜூனியர் குறும்பி எடுத்தால் நான் காதைப் பார்ப்பதில்லை, அவர் சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அது அந்தரத்தில் நிற்கும்.

சிரிஞ்சிங்கிலும் அவர் விடமாட்டார். தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியில் இருக்க வேண்டும். காதைப் பின்னால் மேலே இழுத்து, பின்மேல் சுவரோடு பீய்ச்ச வேண்டும். தண்ணீர் குறும்பிக்குப் பின்னால் புகுந்து, திரும்பும்போது அதைத் தள்ளிக்கொண்டு வரும். நேரே டிரம்மில் அடித்தால் சீஃப் அன்று முழுக்கப் பேசமாட்டார். தண்ணீர் ஆறியிருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். இதே சிரிஞ்சிங் மேஜையில்தான் வியன்னாவின் ராபர்ட் பாரனி, தண்ணீர் குளிர்ந்தால் ஒருவிதமாகவும் சூடானால் எதிர்விதமாகவும் கண்கள் துடிப்பதைக் கவனித்தார். அதிலிருந்து கலோரிக் டெஸ்ட் வந்தது, 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வந்தது. குறும்பி எடுக்கிற வேலைதான் அதுவும்.

இத்தனையும் தேவைப்படுவது சிலருக்குத்தான். காதுத் தோல் டிரம்மிலிருந்து வெளிப்பக்கமாக, நகம் வளர்கிற வேகத்தில் தானாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விடுகிறது. பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், பைக் சாவி எல்லாம் அதை மறுபடி உள்ளே தள்ளத்தான் உதவும். இப்போது கேமரா வைத்த குச்சி வேறு வந்திருக்கிறது. செல்போனில் தெரிகிற காதைப் பார்த்துக்கொண்டே தன் கையாலேயே தன் காதைக் குடைகிறார்கள். அந்தப் படத்தில் ஆழம் தெரியாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

காது அடைத்துவிட்டால் சோடா கிளிசரினோ, டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்தோ நாலைந்து நாள் விட்டால் ஊறிவிடும். ஊறும்போது அடைப்பு கொஞ்சம் கூடினாற்போல இருக்கும், பயப்பட வேண்டாம். மீதியைக் காது டாக்டர் தண்ணீரிலோ சக்ஷனிலோ எடுத்துவிடுவார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு காளான் பிடித்து வந்த காதுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முன்பு எப்போதாவது சீழ் வந்ததுண்டு, டிரம்மில் ஓட்டை உண்டு, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் சொட்டு மருந்தோ தண்ணீரோ எதுவும் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு சின்னக் கீறல் எலும்பு வரை போகிற தொற்றாக மாறலாம்.

இப்போதைய ஜூனியர்கள் சக்ஷனும் எண்டோஸ்கோப்பும் பழகியவர்கள். நல்ல கருவிகள்தான், நானும் பயன்படுத்தினேன். ஆனால் ஸ்கோப் ரிப்பேருக்குப் போனால் அவர்களுக்கு அன்றைக்கு ஓ.பி. கிடையாது. ஹெட் மிரரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கிருந்தாவது இரவல் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காதுக்குள் பார்க்காமலே ஆடியோகிராமுக்குச் சீட்டு எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வயதானவர், காது கேட்கவில்லை என்கிறார், உடனே சீட்டு. ரிப்போர்ட்டில் குறை தெரியும். அங்கிருந்து நேரே காது மெஷின் கடை. பென்ஷன் பணத்தில் மெஷின் வாங்கி மாட்டி, அப்போதும் சரியாகக் கேட்கவில்லை என்று என்னிடம் வந்த பெரியவர்கள் உண்டு. மெஷினின் மோல்டை வெளியே எடுத்தால் பின்னால் கறுத்து இறுகிய குறும்பி. சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி எடுத்துவிட்டால் அவர்களில் சிலருக்கு அந்த மெஷினே தேவைப்படவில்லை. கடையில் திருப்பிக் கேட்டால், ஒருதடவை காதில் போட்டதை வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.