வயலின்காரரின் ராக் குழு

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1920களில் இலங்கைக்குப் போய் நாடக மேடைகளில் பாடினார். அங்கே தமிழ்ப் பாட்டுக்கென்றே கூட்டம் இருந்தது. காவிரிக்கரைக் குரலை அவர் கொஞ்சமும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 1969இல் வயலினோடு அமெரிக்கா போன எல். சங்கருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கர்நாடக இசைக்குக் கூட்டம் சேர்த்த பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் எழுந்ததே 1976இல்தான். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை தொடங்கியது 1978இல்.

இடம்பெயர்வு சங்கருக்குப் புதிதல்ல. 1950இல் சென்னையில் பிறந்தாலும் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னை திரும்பியது. ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனும், வயலின் மேதை எல். சுப்பிரமணியமும் இவருடைய அண்ணன்கள்.

கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் நட்பு கிடைத்தது. அதிலிருந்து பிறந்தது ‘சக்தி’ குழு. ஜாகிர் உசேன் தபலாவும் விக்கு விநாயக்ராம் கடமும் சேர, 1978 வரை உலகம் சுற்றினார்கள். அடுத்த ஆண்டே ராக் கலைஞர் பிராங்க் ஸப்பாவின் தயாரிப்பில் சங்கரின் தனி ஆல்பம் வந்தது.

பிறகு அவர் ஒரு கருவியையே உருவாக்கினார். கழுத்து இரண்டு, கழுத்துக்கு ஐந்து தந்தி. மேல்ஸ்தாயி வயலினிலிருந்து டபுள் பாஸின் அடிக்குரல் வரை ஒரே ஆள் வாசிக்கலாம். நியூயார்க்கில் அதைச் செய்து கொடுத்தவர் கிட்டார் தயாரிப்பாளர் கென் பார்க்கர்.

அந்த வயலினோடுதான் பாடகி கரோலினுடன் சேர்ந்து ‘எபிடெமிக்ஸ்’ என்ற ராக் குழுவைத் தொடங்கினார். முதல் ஆல்பத்தை 1986இல் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. கிட்டார் ஸ்டீவ் வாய், பாஸ் பெர்சி ஜோன்ஸ். சங்கரே ஆங்கிலத்தில் பாடினார். வலது கணுக்காலில் வயலின் தலையை ஊன்றி, சம்மணமிட்டு வாசிக்கும் மரபில் வந்தவர் மைக் முன்னால் ராக் பாடகரானது சின்னத் துணிச்சல் இல்லை. அந்தக் காலத்துச் சின்தசைசர் சத்தம் பாட்டுகளை ஓரளவு அமுக்குகிறது என்பதும் உண்மை. 1989இல் ‘ஐ கேட்சர்’ ஆல்பம் வந்தது. குழு நெடுநாள் நீடிக்கவில்லை.

இதைத் தடம் மாறிய கதையாகச் சொல்வது நியாயமில்லை. அதே 1989இல்தான் சங்கர் ‘பஞ்ச நடைப் பல்லவி’யைப் பதிவு செய்தார். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று ஐந்து நடையிலும் ஓடும் அந்தப் பல்லவிக்குத் தாளம் போட்டவர் ராக் குழுவின் அதே கரோலின்! புகுந்த நாட்டின் பாட்டைச் சங்கர் கற்றுக்கொண்டார், தன் பல்லவியின் கணக்கைக் கூட்டாளிக்கும் கொடுத்தார். 1995இல் வந்த அவருடைய ‘ராக ஆபேரி’ ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் போய் அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளில் இன்று பிள்ளைகள் வார இறுதியில் வர்ணம் பழகுகிறார்கள், பள்ளி இசைக்குழுவிலும் வாசிக்கிறார்கள். இரண்டில் ஒன்றை விடச் சொல்லும் முன், பெற்றோர் அந்த 1986 ஆல்பத்தையும் பல்லவியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.