பூவைச் சூடிக்கிட்டவ என்ன ஆனா?

நாவல் எழுதணும்னு ஆசையா உங்களுக்கு? ஹாஸ்டல் ரூமில் நோட்டைத் திறந்து, 'அத்தியாயம் 1'னு எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டுட்டு, பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களா? கவலையே படாதீங்க, நானும் உங்க கட்சிதான். என்னோடது நாற்பதாவது பக்கத்தில் நின்று நாலு வருஷமாச்சு. வாங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் போயிட்டு வரலாம்.

தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜன்னல் சீட் முக்கியம். வயல், வாய்க்கால், வாழைத் தோப்பு என்று மாறி மாறி வரும். இறங்கியதும் ஆற்றங்கரைக்குப் போங்க. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது இந்த ஊர்ப் பக்கம்தான். (செல்போன் மேப்பை நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு: திருவெண்காடு பக்கம் இன்னொரு திருக்காட்டுப்பள்ளி இருக்கு. அது 'கீழை', இது 'மேலை'. மாறிப் போயிட்டு என்னைத் திட்டாதீங்க!)

மதியம் நடை சாத்துவதற்குள் அக்னீஸ்வரர் கோயிலுக்குப் போயிடணும். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சந்நிதி தரைமட்டத்தைவிடத் தாழ்வு. படியிறங்கித்தான் சாமியைப் பார்க்கணும்.

இந்தத் தலத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். உறையூரை ஆண்ட சோழ ராஜாவுக்கு இரண்டு மனைவிகள். நந்தவனத்துச் செவ்வந்திப் பூவை ராஜா இருவருக்கும் கொடுக்க, மூத்தவள் சிவனுக்குச் சாத்தினாள். இளையவள் தன் தலையில் சூடிக்கொண்டாள். மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்தது. மூத்தவள் இருந்த இந்த ஊர் மட்டும் தப்பியது. அவ்வளவுதான், கதை முடிஞ்சு போச்சு.

முடிஞ்சுதா? படியில் கொஞ்சம் உட்காருங்க. அந்த இளையவளுக்கு என்ன வயசு? புருஷன் கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டது ஒரு குற்றமா? அவளிடம் யாராவது 'இது சாமிக்கு'ன்னு சொன்னாங்களா? சரி, தப்பிச்ச மூத்தவளையே எடுத்துக்கோங்க. மறுநாள் காலையில் செவ்வந்தி வாசனை வந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? தலபுராணம் நின்று போகிற அந்த மறுநாள் காலையில்தான் நாவலுக்கு வேலை இருக்கு.

கல்கி செய்ததும் இதைத்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று குறிப்பிடுகிறது. அந்த மனிதரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது மிகக் கொஞ்சம். உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த விவரம் சொல்கிறது. ஒரு பெயர், ஒரு பறிமுதல் உத்தரவு. 1950-ல் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை ஓடிய 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களுக்குள்ளும் இந்த இரண்டும் இருக்கு. இன்னொன்றையும் கவனிங்க. வாராவாரம் பத்திரிகைக்கு அத்தியாயம் போயாகணும். மூடு வரலைன்னு உட்கார்ந்திருக்க முடியாது. நமக்குத்தான் பத்திரிகை இல்லையே... ஒரு நண்பனைப் பிடிச்சு, ஞாயிறுதோறும் நாலு பக்கம் கொடுக்கிறதா சத்தியம் பண்ணுங்க.

தி.ஜானகிராமன் கும்பகோணம் காலேஜில் படித்தவர். 'மோகமுள்' பாபு படிக்க வருவதும் அதே ஊருக்குத்தான். நடந்து பழகிய தெருவைத்தான் எழுதினார். அப்புறம் சிட்டியோடு சேர்ந்து காவிரிக் கரை முழுக்கச் சுற்றி, 1971-ல் 'நடந்தாய் வாழி காவேரி' வந்தது. ஊரைப் பார்க்கிறது எப்படின்னு தெரிஞ்சுக்க அந்தப் புத்தகத்தைப் படிங்க.

என்னோட நாற்பதாவது பக்கத்துக்கு வர்றேன். அதில் ஒரு குடும்பத்தைக் கெடுக்க வருகிற இரண்டாம் தாரம் உண்டு. நிஜத்தில் அவங்க என் பெரியப்பாவின் இரண்டாவது மனைவி. எங்க வீட்டில் 'அந்தப் பொம்பளை' என்றுதான் பேச்சு. நானும் அப்படியே எழுதினேன். கெட்டவள், அழகாகச் சிரிப்பாள், சொத்தைக் கேட்பாள். அதுக்கு மேல் அவளைப் பேச வைக்க எனக்கு ஒரு வசனம்கூட வரலை. எப்படி வரும்? நான் அவங்களோடு ஐந்து நிமிஷம் பேசினதில்லையே!

கோயில் படியில் உட்கார்ந்திருந்தப்போதான் இது உறைச்சது. கூடவே ஒரு பயமும். கதைக்காகப் போய் ஒருத்தர் வாயைக் கிளறுவது சரியா? இன்னமும் எனக்கு முழுசா பதில் தெரியலை. நோட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துட்டேன்.

திரும்பும்போது பூதலூர் வழியாகப் போகும் பஸ் கிடைத்தது. பெரியப்பா போன பிறகு அவங்க அங்கேதான் தனியா இருக்காங்க. இறங்கி, விசாரிச்சுக்கிட்டே போய்க் கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க.

"அடடே, நீயா? வா தம்பி. இந்த வெயில்ல வந்திருக்கியே... சாப்பிட்டியா?"

"இல்ல பெரியம்மா" என்றேன். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையா அவங்களிடம் சொன்னேன்.