வானூர்தி அச்சமும் நானும்



ஆண்டுதோறும் பள்ளிச் சபைக்கூடலில் பாரதியாரின் அச்சமின்மைப் பாடலை மாணவர்களுக்குப் பழக்கிவிடுபவன் நான். நெஞ்சை நிமிர்த்து, கையை வீசு, குரலை உயர்த்து என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான், வானூர்தியில் ஏற அஞ்சிப் பத்தொன்பது ஆண்டுகள் தரையிலேயே இருந்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொல்லாத கதை இது. நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் இன்று சொல்லத் துணிந்தேன்.

1996-ஆம் ஆண்டு ஒரு பயிற்சிக்காகக் கூச்சிங் நகருக்குச் செல்ல நேர்ந்தது. அதுவே என் முதல் வானூர்திப் பயணம். அப்போது சுபாங்கிலிருந்துதான் புறப்பட வேண்டும். வானூர்தி ஓடுபாதையில் விரைந்து, மூக்கை உயர்த்தி மேலே எழும்பியது. அதுவரை எல்லாம் நலமே. ஓரிரு நிமிடங்களில் இயந்திரத்தின் இரைச்சல் சட்டெனத் தணிந்தது. என் வயிறு தொண்டைக்கு வந்தது. விழுகிறோம் என்றே உறுதியாக நம்பினேன். கைப்பிடி என்று எண்ணிப் பக்கத்து இருக்கைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அந்த நல்ல மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. தென்சீனக் கடலுக்கு மேலே மேகக் கூட்டத்தில் வானூர்தி குலுங்கியபோது, எனக்குத் தெரிந்த தெய்வங்கள் அனைத்தையும் அழைத்து முடித்துவிட்டேன். திரும்பி வருவதற்குக் கப்பல் கிடைக்குமா என்று கூச்சிங்கில் நான் விசாரித்ததை என் சக ஆசிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தையும் பக்கத்துக் கம்பத்தையும் ஓர் ஆறு பிரித்தது. ஆற்றின் குறுக்கே பலகைகள் பாவிய தொங்கு பாலம். இடையிடையே பலகைகள் பெயர்ந்திருக்கும். கீழே செந்நிற நீர் ஓடும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடப்பார். ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால், அவருடைய விரல்கள் என் கையை நெரிக்கும். அக்கரை சேர்ந்தபின் பார்த்தால் என் புறங்கையில் நகக்குறிகள் இருக்கும். பாலத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை. அம்மாவின் கையிலிருந்துதான் அச்சம் எனக்குள் இறங்கியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

என் அப்பா 1951-ஆம் ஆண்டு, ஏழு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவருடைய அக்காவுக்கு அப்போதே திருமணம் ஆகியிருந்ததால் அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். பிறகு அக்காளும் தம்பியும் சந்திக்கவே இல்லை. கடிதம், அப்புறம் தொலைபேசி, அவ்வளவே. கப்பல் ஓடிய காலத்தில் அப்பாவிடம் பணம் இல்லை. பணம் சேர்ந்த காலத்தில் கப்பல் இல்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வானூர்தியில் நான்கு மணி நேரம்தான். தனியாகப் போகத் தெரியாத அப்பா, “நீ கூட வந்தா போய்ப் பாத்துட்டு வந்துரலாம்பா” என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்.

முதல்முறை யு.பி.எஸ்.ஆர். வகுப்பு இருக்கிறது என்றேன். அடுத்த முறை விடுமுறையில் பயிற்சி இருக்கிறது என்றேன். மூன்றாம் முறை என்ன சொன்னேன் என்பதுகூட நினைவில் இல்லை. நான் சொன்னவை பொய்களல்ல. வகுப்பும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஆனால், அவை காரணங்கள் அல்ல.

2009-இல் ஓர் இரவு தொலைபேசி ஒலித்தது. அத்தை காலமாகிவிட்டார். அப்பா வெகுநேரம் வாசற்படியில் அமர்ந்திருந்தார். நான் அருகில் போய் நின்றேன். “பரவால்லப்பா, ஒனக்குப் பள்ளிக்கூட வேல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் சாக்குப்போக்கை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். அதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது.

ஆண்டுகள் ஓடின. 2015-இல் ஆறாம் ஆண்டு மாணவர்களை இலங்காவிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லப் பள்ளி முடிவு செய்தது. பயணம் வானூர்தியில். பொறுப்பாசிரியர் அடியேன்! மறுக்க முயன்றேன், முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பலர் கவலையோடு எழுந்து நின்றனர். கவலைக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு, 2014 மார்ச் 8-ஆம் நாள் 239 பேருடன் எம்.எச்.370 காணாமற்போனது. அதே ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் உக்ரேன் வான்பரப்பில் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். நாடே அழுத ஆண்டு அது. “வானூர்திப் பயணம் பாதுகாப்பானது” என்று பெற்றோருக்கு விளக்கம் கொடுத்தேன். மேசைக்கு அடியில் என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பயணத்துக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது ஒரு மாணவி என்னிடம் வந்தாள். வயிற்று வலி, வரமுடியாது என்றாள். மறுநாள், பாட்டி வீட்டில் பூசை என்றாள். அதற்கடுத்த நாள், அனுமதிப் படிவம் தொலைந்துவிட்டது என்றாள். மூன்று காரணங்கள்! நான் அப்பாவிடம் சொன்ன மூன்று காரணங்கள் என் முன்னே வந்து நின்றதுபோல் இருந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முந்திய வாரம்தான் வகுப்பில், “பயப்படுகிறவர்கள் வீட்டிலேயே இருந்து அம்மாவுக்கு வெங்காயம் உரிக்கலாம்” என்று நான் கேலி பேசியிருந்தேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்திருப்பாள், பாவம்.

அன்று ஓய்வு நேரத்தில் அவளை அழைத்து, “எனக்கும் வானூர்தி என்றால் பயம்” என்றேன். அவள் நம்பவில்லை. கூச்சிங் பயணத்தில் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்த கதையைச் சொன்னேன். அப்போதுதான் முகம் மலர்ந்தது. “பயத்தோடவே போலாமாங்கய்யா?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அச்சம் முற்றாகப் போனபிறகுதான் ஏறவேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன்.

இருவரும் அச்சத்தைப் பாடமாகப் படிக்கத் தொடங்கினோம். முதலில், வானூர்தி எப்படி மிதக்கிறது? மேசை விசிறியின் முன் ஓர் அட்டையைச் சற்றே சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். காற்று கீழே தள்ளப்பட, அட்டை மேலே எழும்பியது. சிறகு செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுவே. வேகம் இருக்கும்வரை காற்று வெறும் வெளியன்று, தாங்கும் பொருள்.

அடுத்து, இயந்திரம் நின்றால்? கல்லைப்போல் விழாது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் இயந்திரங்கள் நின்றாலும், ஒரு பயணிகள் வானூர்தி நூறு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிச் செல்லும். ஈப்போவின் வான்மீதிருந்து பினாங்கு வரை போகலாம் என்று வரைபடத்தில் அளந்து காட்டினேன். இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. 1982 ஜூன் 24-ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 வானூர்தி, ஜாவாத் தீவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன. சுமார் 37,000 அடியிலிருந்து 13,000 அடி அளவுக்குச் சறுக்கி இறங்கிய பிறகு இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெற, வானூர்தி ஜக்கர்த்தாவில் இறங்கியது. 263 பேரும் உயிர் பிழைத்தனர்.

மூன்றாவதாக, ஓசைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். புறப்பட்டவுடன் ‘தடால்’ என்று கேட்பது சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை. அடுத்து வரும் முனகல், சிறகின் பின்மடிப்புகள் உள்ளே செல்வது. என்னைக் கலங்கடித்த அந்த இரைச்சல் தணிவு, விமானி இயந்திர விசையை ஏறுவதற்குப் போதுமான அளவுக்குக் குறைப்பது. மேல்நோக்கிய உந்துதல் குறைந்ததும், காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு, கீழே போகிறோம் என்று தவறாகச் செய்தி அனுப்புகிறது. வானூர்தி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். உடல் பொய் சொல்லவில்லை, தவறாகக் கணக்கிடுகிறது. எட்டு ஓசைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்.

பயண நாள் வந்தது. அவள் சாளரத்தருகே, நான் அடுத்த இருக்கையில். வானூர்தி எழும்பியது. முதல் ஓசைக்குக் குறியிட்டாள், இரண்டாவதற்கும் குறியிட்டாள். இரைச்சல் சட்டெனத் தணிந்தது. எல்லாம் அறிந்திருந்தும் என் வயிறு மீண்டும் தொண்டைக்கு வந்தது. கைப்பிடியை இறுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். “ஐயா, இது மூணாவது சத்தம்தான்” என்றாள். ஆம், மூன்றாவது ஓசைதான். மூச்சு விட்டேன். குறியிட்டாள்.

பெற்றோர்களே, அவள் என் முகத்தைப் பார்த்தாள் என்று எழுதினேன் அல்லவா? அதுவே இப்பதிவின் உயிர்நாடி. 1960-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலினோர் கிப்சனும் ரிச்சர்டு வாக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மேசையின் ஒரு பாதியில் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி. மறுபாதியில் துணி வெகு கீழே தரையில். பார்ப்பதற்குப் பள்ளம்போல் தெரியும், ஆனால் கண்ணாடி தாங்கும். தவழும் குழந்தைகளுள் பெரும்பாலோர், தாய் அழைத்தும் அந்தப் பள்ளத்தைக் கடக்கவில்லை. உயரத்தைக் கண்டு தயங்குவது இழுக்கன்று, அது நம்மைக் காக்கும் அறிவு. 1985-இல் வேறோர் ஆய்வுக் குழு பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை அங்கே விட்டது. எதிரே நின்ற தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 பேர் கடந்து சென்றனர். அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளுள் ஒருவர்கூடக் கடக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தொங்கு பாலமும் அம்மாவின் விரல்களும் நினைவுக்கு வந்தன. அம்மாவைக் குறைகூறவில்லை. அவர் கையை யார் நெரித்தார்களோ!

என் அச்சம் பறந்தோடிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இலங்காவியில், மாட் சிஞ்சாங் மலைமீது 125 மீட்டர் நீளமுள்ள வான்பாலம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 660 மீட்டர் உயரம். மாணவர்கள் ஓடினார்கள். அந்த மாணவியும் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். நான் முதல் வளைவிலேயே நின்றுவிட்டேன். அருகில் கண்ணை ஊன்ற நிலையான பொருள் இல்லாதபோது உடல் தள்ளாடுகிறது என்ற விளக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை. “ஐயாவுக்குப் பயம்” என்று ஒருவன் கத்தினான். “ஆமாம்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

2017-இல் அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துச் சென்றேன். நான்கு மணி நேரமும் என் சட்டைப்பையில் ஓசைப் பட்டியல் இருந்தது. அப்பாவோ சாளரத்தில் முகம் பதித்து மேகம் பார்த்தபடியே வந்தார். அத்தை வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம். அப்பா அதன்முன் நின்று, ஏழு வயதுச் சிறுவனைப்போல் “அக்கா” என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். எட்டு ஆண்டுகள் தாமதம். அதை எந்த வானூர்தியும் ஈடுசெய்யாது.

அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பதை அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். 2024 மே 21-இல் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வந்த வானூர்தி கடுமையாகக் குலுங்கி, ஒருவர் இறக்க, பலர் காயமுற்றனர். ஆகவே, அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் இருக்கைப் பட்டையை அணிந்திருங்கள். அது அறிவு. அப்பாவின் அக்காவைப் பார்க்கவிடாமல் தடுத்தது அறிவன்று.

ஆசிரியர்களே, அஞ்சும் பிள்ளையை வகுப்பின்முன் கேலி செய்யாதீர்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யவேண்டாம். பெற்றோர்களே, “பயமே இல்லை” என்று பிள்ளையிடம் நடிக்கவும் வேண்டாம். நம் விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும். “எனக்கும் பயம்தான், வா, சேர்ந்து போகலாம்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரே காரணம் மூன்று வடிவில் வந்தால், அதன் பின்னே என்ன இருக்கிறது என்று மெல்லக் கேளுங்கள். பிள்ளைகளிடம் மட்டுமல்ல, நம்மிடமும்தான்.