முதுகுப் பக்கத்து விளக்கு

ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவனுக்கே இருட்டிவிடும். ஹாரன் போனால் அடுத்த மாட்டைப் பார்க்கும்போதே தெரியும். பிரேக் லைட் போனால் மட்டும் வண்டிக்காரன் மாதக்கணக்கில் நிம்மதியாகத் திரிவான். யாராவது சொன்னால்தான் உண்டு. மைசூரில் சொல்லுவார்கள். அக்ரஹாரம் சர்க்கிளில், நூற்றொரு கணபதி கோயில் பக்கம் வண்டிகள் தேங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "சார், பிரேக் லைட் பர்தா இல்ல" (கன்னடத்தில், வரவில்லை என்று). திரும்பி நன்றி சொல்வதற்குள் ஆள் போயிருப்பார்.

சொன்னதும் எல்லோரும் கை வைப்பது பல்பில்தான். தப்பில்லை, பாதி நேரம் அதுதான் காரணம். பின்பக்கத்து பல்பு ஒன்றுக்குள் இரண்டு இழை: பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பார்க் லைட் எரிவதைப் பார்த்துவிட்டு பல்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. மற்ற இழை அறுந்திருக்கலாம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பல்பின் பக்கவாட்டில் இரண்டு குமிழ் ஒன்றுக்கொன்று ஏறுமாறான உயரத்தில் இருப்பதும் காரணமாகத்தான். மாற்றிப் போட முடியாது. அவசரக்காரக் கடைப்பையன் அதையும் அழுத்தித் திருகிவிடுவான். அப்புறம் ராத்திரி முழுக்கப் பின்னால் பளீரென்று எரியும். பிரேக் பிடித்தால் எந்த மாற்றமும் தெரியாது.

பல்பும் ஃபியூஸும் சரியாக இருந்தால் அடுத்தது பெடல் ஸ்விட்ச். அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் லைட் எரிகிறதா? எரிந்தால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. இதற்கு மெக்கானிக் வேண்டாம்.

மெக்கானிக்குகளே கோட்டைவிடும் இடம் எர்த். பல்புக்குக் கரண்ட் வருவதற்கு வயர் உண்டு. திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. டெயில்லைட்டை மட்கார்டோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு ஏறினால் அந்த வழி அடைபடுகிறது. அப்போது வண்டி பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் மங்கும், இண்டிகேட்டர் லேசாக மினுங்கும். திரும்ப வழியில்லாத கரண்ட் பக்கத்து இழைகளுக்குள் புகுந்து போவதால் வரும் கூத்து இது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து பல்பு ஹோல்டரின் தகரத்தில் தொட்டுப் பாருங்கள். லைட் பளிச்சென்று வந்தால் குற்றவாளி அகப்பட்டான். எமரி பேப்பரால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் முடிந்தது.

மைசூரில் எர்த் பிரச்சினைக்குத் தனி மரியாதை. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை பைக் செய்தது. ஜாவா, 1973க்குப் பிறகு யெஸ்டி. அந்தப் பழைய ஜாவாக்களில் ஓடியது 6 வோல்ட். 21 வாட் பல்பு 12 வோல்டில் 1.75 ஆம்பியர் இழுத்தால், 6 வோல்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். அரை ஓம் துரு 12 வோல்ட் வண்டியில் ஏழு சதவீதம் வோல்டேஜைத்தான் தின்னும்; 6 வோல்ட் வண்டியில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடும். இழை பல்பில் வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். "ஜாவா லைட்டுன்னாலே மெழுகுவத்திதானே" என்று சிரிக்கிறவர்கள் வண்டியைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியது துருவை.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், அந்தச் சிவப்புக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது. 1974ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் டாக்சிகளின் பின்கண்ணாடி அருகே கூடுதலாக ஒரு பிரேக் லைட் வைத்துப் பார்த்தார். பின்னால் வந்து மோதுவது அறுபது சதவீதம் குறைந்தது. 1986 மாடல் கார்களில் அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. எல்லா வண்டியிலும் வந்து கண் பழகிய பின் 1998ல் அரசு எடுத்த கணக்கில் அந்தப் பலன் 4.3 சதவீதமாக இறங்கியிருந்தது. என்னைக் கேட்டால், தினமும் ரோட்டில் ஓடுகிற அத்தனை வண்டிக்கும் சேர்த்து அது சின்ன எண் அல்ல. ஆயுத பூஜைக்கு மறுநாள் மைசூர்த் தெருக்களில் வண்டி ஓட்டியவர்களுக்குப் புரியும்: உடைத்த பூசணிக்காய் சந்திக்குச் சந்தி வழுக்கும், முன்னால் போகிறவர் எந்த நிமிஷம் பிரேக் பிடிப்பார் என்று சொல்ல முடியாது. அன்று பார்த்து அவருடைய டெயில்லைட் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருக்கும்!

சாமுண்டி மலை இறங்குகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. கியரில் விட்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பிரேக் லைட் எரியாது. பின்னால் வருகிறவருக்கு நாம் மெதுவாவது தெரியாது. ஜாவாக்காரர்கள் அப்படி இறங்கவும் மாட்டார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால் எஞ்சினுக்கு ஆயிலும் குறையும். ஆக, கீழே வரும்வரை பிரேக்தான். பெடலை லேசாகத் தொட்டதுமே, ஷூ டிரம்மில் பிடிப்பதற்கு முன்பே லைட் வரவேண்டும். பல வண்டிகளில் அது நேர்மாறாக இருக்கிறது: வண்டி பாதி நின்ற பிறகுதான் லைட் முழித்துக்கொள்ளும். பெடல் பக்கத்து ஸ்விட்சின் உடம்பில் மரை போட்ட ஒரு நட் இருக்கும். ஸ்விட்ச் கூடவே சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஸ்விட்சை மேலே ஏற்றினால் லைட் சீக்கிரம் வரும்.

லைட் வருகிறதா என்று தனியாகச் சோதிக்கிறவர்கள் ராத்திரி கடை மூடிய பிறகு ஷட்டர் பக்கம் முதுகைக் காட்டி வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். தகரத்தில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம்.